வயிற்றில் இருந்த பிள்ளைக்கு வழக்கில் கணக்கு உண்டா?

கரைவலை (மண்டபம்) கேட்டது:

ஆறுதல் எழுத வேண்டாம், அதை ஊரே சொல்லிவிட்டது. சட்டம் தெரிந்தவர் யாராவது பதில் சொன்னால் போதும்.

மீன்பிடித் தடைக்காலம் தொடங்கி நாலாம் நாள். படகைக் கரையேற்றி அடிப்பலகையைச் சுரண்டிக்கொண்டிருந்தேன், போன் வந்தது. அக்காவும் மச்சானும் ராமநாதபுரத்தில் ஸ்கேன் எடுத்துவிட்டு பைக்கில் திரும்பியிருக்கிறார்கள். உச்சிப்புளி தாண்டி ஒரு மினி லாரி பின்னால் வந்து அடித்துவிட்டது. மச்சானுக்குத் தொடை எலும்பு முறிவு. அக்கா அந்த இடத்திலேயே போய்விட்டது. ஏழு முடிந்து எட்டாம் மாதம். வளைகாப்பு போட்டுப் பதினோரு நாள்தான்.

எப்.ஐ.ஆர். நகல் வாங்கினேன். இ.பி.கோ.வுக்குப் பதிலாக வந்த பி.என்.எஸ். சட்டத்தில் 281, 106(1) பிரிவுகள். இறந்தவர் ஒருவர். பிரேத விசாரணை அறிக்கையில் அக்கா கையில் கிடந்த கண்ணாடி வளையல் எத்தனை என்பதுவரை எண்ணி எழுதியிருக்கிறார்கள். பிள்ளைக்கு 'கர்ப்பிணி' என்ற ஒரு வார்த்தை, அவ்வளவுதான். ஸ்டேஷனில் கேட்டால், "பிறந்தால்தான் தம்பி கணக்கு" என்கிறார்கள்.

இதுதான் எனக்குப் புரியவில்லை. அப்பா கடலில் போனபோது நான் அம்மா வயிற்றில் ஐந்து மாதம். வீட்டையும் வள்ளத்தையும் பிரிக்கும்போது எனக்கும் ஒரு பங்கு வைத்தார்கள். சித்தப்பா தகராறு பண்ணினாராம், வக்கீல் சட்டத்தைக் காட்டி வாயை அடைத்தாராம். பங்குக்கு அன்றைக்கு நான் ஆள். சாவுக்கு அக்கா பிள்ளை ஏன் ஆள் இல்லை?

துபாய் கீழக்கரையான்:

தம்பி, அமெரிக்காவில் இதை இரட்டைக் கொலையாகவே நடத்தியிருக்கிறார்கள். கலிபோர்னியாவில் லேசி பீட்டர்சன் என்ற எட்டு மாதக் கர்ப்பிணி 2002 டிசம்பரில் காணாமல் போனார். 2004இல் கணவன்தான் கொன்றான் என்று தீர்ப்பு வந்தபோது மனைவிக்கு ஒன்று, வயிற்றுப் பிள்ளைக்கு ஒன்று என இரண்டு கொலைக் குற்றம். அதே வருஷம் அந்த நாட்டு மத்திய அரசும் இதற்கு ஒரு சட்டம் கொண்டுவந்தது. இங்கேயும் இரண்டாகப் போடச் சொல்லி எஸ்.பி. ஆபீசில் மனு கொடுங்கள்.

கோர்ட் வாசல் (வழக்கறிஞர், பரமக்குடி):

மேலே சொன்னது அந்த ஊர்ச் சட்டம். கலிபோர்னியாவிலும் அது முதலிலிருந்து இருந்ததில்லை. 1970இல் அங்கே உச்ச நீதிமன்றம் வயிற்றுப் பிள்ளை 'மனிதர்' ஆகாது என்று சொன்ன பிறகு, சட்டத்தையே திருத்தினார்கள். இங்கே அப்படி யாரும் திருத்தவில்லை.

தம்பி, ஒளிக்காமல் சொல்கிறேன். இப்போது இருக்கும் எப்.ஐ.ஆர்.படி கிரிமினல் வழக்கில் பிள்ளைக்குத் தனிக் கணக்கு இல்லை. இழப்பீட்டு வழக்கில் உண்டு.

பி.என்.எஸ். 100இல் மூன்றாவது விளக்கம்: தாய் வயிற்றில் இருக்கும் பிள்ளையைச் சாகடிப்பது மனிதக்கொலை ஆகாது. உடம்பில் ஏதாவது ஒரு பாகம் வெளியே வந்துவிட்டால் கதை வேறு, மூச்சுகூட விட்டிருக்க வேண்டாம். 1860இல் எழுதிய இ.பி.கோ. 299இல் இருந்த விளக்கம்தான். 2024 ஜூலை 1 முதல் எண் மாறியிருக்கிறது, விஷயம் மாறவில்லை.

அடுத்து 92, பழைய 316. ஆள் செத்தால் குற்றமான மனிதக்கொலை (கவனக்குறைவுச் சாவு அல்ல) ஆகக்கூடிய ஒரு செயலைச் செய்து, அதனால் வயிற்றில் துடிப்பு வந்துவிட்ட பிள்ளை இறந்தால் பத்து வருஷம் வரை தண்டனை. கர்ப்பிணியைக் குத்திக் கொன்ற வழக்குகளில் கொலைப் பிரிவோடு இதையும் சேர்த்துப் போடுவது உண்டு. ஆனால் 106 என்பது கவனக்குறைவு. அது 92க்குள் வராது. அதே பிள்ளை, அதே எட்டு மாதம். கத்தி என்றால் ஒரு பிரிவு இருக்கிறது, லாரி என்றால் இல்லை. இருபத்திரண்டு வருஷமாகக் கறுப்புக் கோட்டு போடுகிறேன், இதை எந்தக் குடும்பத்திடமும் முகத்தைப் பார்த்துச் சொல்ல வந்ததில்லை.

உங்கள் அப்பா சொத்து விஷயம் 1956 இந்து வாரிசுரிமைச் சட்டம், பிரிவு 20. அதிலும் ஒரு கொக்கி உண்டு: பிள்ளை பிறகு உயிரோடு பிறக்க வேண்டும். நீங்கள் பிறந்தீர்கள், பங்கு நின்றது.

டிரைவர் குடித்திருந்தாரா?

கரைவலை:

வாடை அடித்தது என்று மச்சான் சொல்கிறார். ரத்தம் எடுத்தார்களா என்று தெரியாது. அக்கா பாசிக்குப் போகிற ஆள். அப்பா இல்லாத வீட்டில் அது கடலில் முங்கி எடுத்த பாசியில்தான் நான் பத்தாவது வரை படித்தேன். அம்மா இப்போது சுமைதாங்கிக் கல் நட வேண்டும் என்று ஒரே பிடியாக நிற்கிறது. வயிற்றுப் பிள்ளையோடு போனவளுக்கு அதுதான் முறையாம். தலைச்சுமையோடு நடக்கிறவர் யாரும் இல்லாத ரோட்டில் எங்கே கொண்டு நடுவது?

கோர்ட் வாசல்:

ரத்தப் பரிசோதனை நடந்ததா என்று முதலில் விசாரியுங்கள். 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால் போதையில் ஓட்டிய குற்றம். அப்படி ஓட்டியதை வெறும் கவனக்குறைவாக எடுக்காத வழக்குகளும் உண்டு. மும்பை பாந்த்ராவில் நடைபாதையில் தூங்கிய ஏழு பேர் செத்த வழக்கில் இ.பி.கோ. 304 இரண்டாம் பாகத்தில் (சாவு வரலாம் என்று தெரிந்தே செய்த மனிதக்கொலை) கொடுத்த தண்டனையை உச்ச நீதிமன்றம் 2012இல் உறுதி செய்தது. இப்போது அந்தப் பிரிவு 105. அது வந்தால் 92ஐயும் கேட்டு வாதாட இடம் கிடைக்கும். கிடைத்தே தீரும் என்று சொல்ல மாட்டேன்.

மோட்டார் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் அக்காவுக்கு ஒரு தொகை, பிள்ளைக்குத் தனியாக ஒரு தொகை என்று கேளுங்கள். உயர் நீதிமன்றங்கள் கொடுத்திருக்கின்றன. விபத்தில் வயிற்றுப் பிள்ளையை இழந்த ஒரு தாய்க்குக் கொடுத்த இழப்பீட்டை உச்ச நீதிமன்றமும் 2011இல் ஏற்றுக்கொண்டது. மனுவை ஆறு மாதத்துக்குள் போடுங்கள், மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தம் அந்தக் கெடுவை வைத்திருக்கிறது. எல்லாவற்றுக்கும் மேலே, போஸ்ட்மார்ட்டம் அறிக்கையில் சிசுவைப் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள்.

ஓய்வுபெற்ற நர்ஸம்மா (தொண்டி):

தம்பி, அக்காவின் கர்ப்பிணி அட்டையைப் பத்திரமாக எடுத்து வை. அரசாங்கத்தில் கர்ப்பத்தைப் பதிந்த பிக்மி எண் அதில் இருக்கும். ஒவ்வொரு தடவையும் பிள்ளையின் இதயத் துடிப்பைக் கேட்டு எழுதியிருப்பார்கள். வக்கீலம்மா சொன்ன 'துடிப்பு' தலைப்பிள்ளைக்கு 18, 20 வாரத்திலேயே தாய்க்குத் தெரிந்துவிடும், எட்டு மாதத்தில் அதைப் பற்றிச் சந்தேகமே வராது. அன்றைக்கு எடுத்த ஸ்கேன் ரிப்போர்ட்டும் முக்கியம். விபத்துக்குக் கொஞ்ச நேரம் முன்னால்வரை பிள்ளை உயிரோடு இருந்ததற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம். அப்புறம், பாசிக்காரப் பெண்களுக்குச் சம்பளச் சீட்டு கிடையாது. பாசி வாங்கும் ஏஜென்ட் நோட்டில் எடை போட்டு எழுதியிருப்பார், அந்தப் பக்கங்களை நகல் எடு.

கரைவலை:

இரண்டு வாரம் கழித்து எழுதுகிறேன். நோட்டு கிடைத்தது, மூன்று வருஷக் கணக்கு. ஸ்கேன் ரிப்போர்ட் பைக் பெட்டியிலேயே மடங்காமல் இருந்தது. ரத்தம் எடுத்திருக்கிறார்கள், முடிவு இன்னும் வரவில்லை. வக்கீலம்மா, திங்கள்கிழமை மச்சானை ஆட்டோவில் தூக்கிவைத்து உங்களிடமே வருகிறோம்.

போஸ்ட்மார்ட்டம் அறிக்கை நேற்று கைக்கு வந்தது. மூன்றாம் பக்கத்தில் எழுதியிருக்கிறது: கருப்பையில் இறந்த நிலையில் ஒரு சிசு, எடை 1 கிலோ 600, பெண். வீட்டில் யாருக்கும் அதுவரை தெரியாது, ஸ்கேனில் சொல்ல மாட்டார்கள் இல்லையா. அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை.