அம்மாவின் பிரோசா மோதிரக் கல் பச்சையாகிவிட்டது, போலியா?

மலையோரம்:
வணக்கம். 2014-ல் அப்பா லடாக்கில் இருக்கிற லே ஊருக்குப் போயிருந்தபோது அங்கே கடைத்தெருவில் ஒரு பிரோசா (டர்க்காய்ஸ்) கல் வாங்கி வந்தார். கோவையில் வெள்ளியில் கட்டி மோதிரமாக அம்மாவுக்குக் கொடுத்தோம். அன்றிலிருந்து அம்மா அதைக் கழற்றியதே இல்லை. வாங்கியபோது பளிச்சென்ற வான நீலம், குறுக்கே மயிரிழை போலக் கறுப்புக் கோடுகள். இப்போது முகப்பு முழுக்க வெளிறிய பாசிப்பச்சை. நகைக்கடையில் காட்டினால் "பிளாஸ்டிக்மா, அதான் வெளுத்துடுச்சு" என்றார்கள். வேண்டுமானால் அல்ட்ராசோனிக் மெஷினில் போட்டுக் கழுவித் தருகிறார்களாம். சொந்தக்காரர் ஒருவர் ராத்திரி முழுக்க ஹைட்ரஜன் பெராக்சைடில் ஊறப்போடச் சொல்கிறார். எதைச் செய்வது? அப்பா இப்போது இல்லை. அதனால் கல்லை வைத்துச் சோதனை பண்ணிப் பார்க்கப் பயமாக இருக்கிறது.

கடலைமிட்டாய்:
ஊசியைப் பழுக்கக் காய்ச்சி ஓர் ஓரத்தில் வைத்துப் பாருங்க. பிளாஸ்டிக் என்றால் உருகி நாற்றம் வரும், நிஜக் கல் என்றால் ஒன்றும் ஆகாது.

கல்பட்டறை:
மலையோரம், தயவுசெய்து மூன்றையும் செய்யாதீர்கள். ஊசி, பெராக்சைடு, மெஷின், எதுவுமே வேண்டாம். கடலைமிட்டாய் தம்பி, நிஜ பிரோசாவும் சூட்டில் நிறம் கெடும். அது செம்பும் அலுமினியமும் சேர்ந்த பாஸ்பேட் கனிமம், அதன் கட்டமைப்பிலேயே நீர் இருக்கிறது. சூடு பட்டால் அந்த நீர் போகும், நீலமும் போகும்.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். பச்சையானதாலேயே போலி என்று சொல்லிவிட முடியாது. பிரோசாவின் நீலம் செம்பால் வருவது. அலுமினியத்தின் இடத்தில் இரும்பு சேரச் சேர, தோண்டும்போதே கல் பச்சையாக இருக்கும். உங்கள் கல் நீலமாக இருந்து பிறகு மாறியது, அது வேறு கதை. இந்தக் கல்லில் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் நிறைய. மண்பானை தண்ணீரை இழுக்கிற மாதிரி எண்ணெய், வியர்வை, சோப்பு எல்லாவற்றையும் உள்ளே இழுத்துக்கொள்ளும். அம்மா தலைக்கு எண்ணெய் தேய்ப்பது இந்த மோதிரம் போட்ட கையாலா?

போலியாக அதிகம் வருவது ஹவ்லைட், மேக்னசைட் என்ற வெள்ளைக் கனிமங்கள், நீலச் சாயம் ஏற்றி விற்பார்கள். மோதிரத்தோடு எடை பார்த்துப் பயனில்லை. கல் பதிக்கிறவரிடம் கொடுத்துக் கல்லை மட்டும் கழற்றுங்கள். கேரட் தராசில் எடை எடுங்கள். பிறகு தராசின் மேல் ஒரு டம்ளர் தண்ணீர் வைத்துப் பூஜ்யமாக்கி, கல்லை நூலில் கட்டி, அடியையும் பக்கங்களையும் தொடாமல் தண்ணீருக்குள் தொங்கவிடுங்கள். அப்போது காட்டும் எண்ணால் முதல் எடையை வகுங்கள். பிரோசா 2.6-லிருந்து 2.9-க்குள் வரும். மேக்னசைட் 3-ஐ ஒட்டி வரும். ஹவ்லைட் 2.6-க்குக் கீழே, பிளாஸ்டிக் அதைவிடவும் குறைவு. முடிந்ததும் கல்லை உடனே துடைத்துவிடுங்கள், ஊற வேண்டாம்.

மலையோரம்:
ஆமாம் சார், வலது கைதான். தினமும் தேங்காய் எண்ணெய்.

இன்று ஆசாரி கழற்றிக் கொடுத்தார். வெள்ளிக்கு அடியில் இருந்த பின்பக்கம் அப்படியே நீலம்! அப்பா பொட்டலத்தைப் பிரித்துக் காட்டிய அதே நிறம். அம்மா ரொம்ப நேரம் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். எடை 12.15 கேரட், தண்ணீரில் 4.50. வகுத்தால் 2.70.

கல்பட்டறை:
நல்ல செய்தி. 2.70 பிரோசாவுக்குப் பொருந்துகிற எண். பிளாஸ்டிக் என்று சொன்னது தவறு. பிசின் ஏற்றிக் கெட்டிப்படுத்திய கல் இவ்வளவு எண்ணெய் குடிக்காது. அதனால் இது பிசின் ஏறாத கல் என்றே நினைக்கிறேன். உறுதியான சான்று வேண்டுமென்றால் ரத்தினப் பரிசோதனைக் கூடத்தில் அகச்சிவப்பு நிறமாலை எடுத்துப் பார்ப்பார்கள், பிசின் இருந்தால் அதில் தெரிந்துவிடும்.

ஒன்று மட்டும்: லேயில் வாங்கியதால் லடாக் கல் என்று எண்ண வேண்டாம். அந்தப் பக்கத்துக்கு பிரோசா காலங்காலமாகத் திபெத்திலிருந்து போனது. லடாக் பெண்கள் தலையில் அணியும் பெராக்கில் வரிசை வரிசையாகத் தைத்திருப்பது இந்தக் கல்தான், தாய் மகளுக்குக் கொடுக்கிற சொத்து அது.

போன நீலத்தைத் திருப்பிக் கொண்டுவர நம்பகமான வழி இல்லை. மேல்பக்கத்தை இழைத்து மெருகேற்றலாம், ஆனால் கல் சிறுக்கும். நானாக இருந்தால் செய்ய மாட்டேன்.

மலையோரம்:
அம்மாவும் வேண்டாம் என்றுதான் சொன்னார். "என் கை எண்ணெய் பட்டு மாறினதுதானே, அப்படியே கட்டச் சொல்லு" என்றார். மோதிரம் இறுக்கமாக இருப்பதால் கொஞ்சம் பெரிதாக்கவும் கொடுக்கிறோம்.

கல்பட்டறை:
அப்படியென்றால் ஆசாரியிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்: பற்றவைப்பு, மெருகு எல்லாம் முடிந்து வெள்ளி நன்றாக ஆறின பிறகுதான் கல் உள்ளே போக வேண்டும். அப்புறம் எண்ணெய் தேய்க்கும்போதும் பாத்திரம் கழுவும்போதும் அம்மா அதைக் கழற்றி வைக்கட்டும். துடைக்க உலர்ந்த பருத்தித் துணி போதும்.