மலைப்பாதையில் மெஷ் போட்டுப் பார்த்தவர்கள் வந்து சொல்லுங்கள்

அடிவாரத்தான்:
2024 டிசம்பர் தொடக்கம், ஃபெஞ்சல் மழை. ஏற்காடு மலைப்பாதையில் மண் சரிந்து கிடந்தது, எங்கள் யார் போனிலும் சிக்னல் இல்லை. தன்னார்வலர்களாகப் போய் வளைவுக்கு ஒரு ரவுட்டர், மேலே ஏறும் ஜீப்பில் ஒன்று என்று வைத்து, பெட்டிக்குப் பெட்டி வைஃபையில் பேச்சைக் கைமாற்றும் மெஷ் வலை போட்டோம்; எந்தப் பெட்டி வழியாக அனுப்புவது என்று அவையே கண்டுபிடிக்க ஓஎல்எஸ்ஆர் என்ற நெறிமுறையை ஓட்டினோம். அமைத்த கதை இங்கே எல்லாருக்கும் தெரிந்ததுதான், விடுங்கள். என்னை இன்னும் அரிப்பது ஒன்றுதான். ஜீப்பில் போன அண்ணன் குரல் அழைப்பில் "பாறை தொங்குது, இடது ஓரமா போக..." என்றார், அதோடு ஜீப் கொண்டை ஊசியில் திரும்பி, பேச்சு அறுந்துவிட்டது. போகலாமா, போகக் கூடாதா? பின்னால் மருந்து வண்டி எஞ்சினை அணைக்காமல் நிற்கிறது. லேப்டாப்பில் பார்த்தால் ஜீப்புக்குப் பாதை இருக்கிறது என்றே காட்டுகிறது! 'நான் இருக்கிறேன்' என்று பெட்டிகள் சொல்லிக்கொள்ளும் ஹலோ 2 விநாடிக்கு ஒரு முறை, பக்கத்துப் பெட்டி போய்விட்டது என்று ஒத்துக்கொள்ள 6 விநாடி. அந்த 6 விநாடியும் ஜீப்பில் இருந்த பெட்டி, மலை மறைத்துவிட்ட கீழ்வளைவு ரவுட்டருக்கே பேச்சை அனுப்பிக்கொண்டிருந்தது. மேல்வளைவு வழியாகப் புதுப் பாதை பிடித்தபோது அண்ணன் பேசி முடித்துவிட்டார். ஒரு பையன் நடந்தே மேலே போய்க் கேட்டு வந்தான். போகவே கூடாதாம்.

லேடீஸ்சீட்_லோரா:
அண்ணா, ஓஎல்எஸ்ஆரைத் திட்டாதீர்கள். அந்த வளைவுகளில் வைஃபையை நம்பி யார் குரல் அழைப்பு போடச் சொன்னது? நான் மேலே ஏற்காடு லேடீஸ் சீட் பக்கம் ஒரு மெஷ்டாஸ்டிக் பெட்டியைக் கட்டினேன், லோரா என்ற தொலைதூர ரேடியோவில் எழுத்துச் செய்தியைக் கைமாற்றும் பெட்டி அது; கீழே சேலம் அஸ்தம்பட்டி மொட்டை மாடியில் நின்ற தம்பிக்கு மூடுபனியைத் தாண்டி "மேலே எல்லாரும் நலம்" என்று எழுத்தில் போய்ச் சேர்ந்தது. என் கதை அவ்வளவுதான். இனி வைக்கப் போகிறவர்கள் கேளுங்கள். நம் நாட்டில் 865–867 மெகாஹெர்ட்ஸ், உரிமம் வேண்டாம். ஒரு செய்தி எத்தனை முறை கைமாறலாம் என்ற ஹாப் கணக்கு வாங்கும்போது 3 என்று இருக்கும், 7 வரை ஏற்றலாம் என்பதற்காக ஏற்றிவிடாதீர்கள், அதைவிட ஒரு பெட்டியை உயரத்தில் கட்டுங்கள். வீட்டுப் பெட்டியை எல்லாம் செட்டிங்கில் ரவுட்டர் ஆக்கிவிடுகிறார்கள், அது தப்பு. சாதாரணப் பெட்டி கொஞ்சம் காத்திருந்து, வேறொன்று அதே செய்தியைத் திருப்பிச் சொல்வதைக் கேட்டால் தான் வாயை மூடிக்கொள்ளும்; ரவுட்டர் மூடாது. எல்லாமே ரவுட்டர் என்றால் சந்தைக்கடைதான், அவசரச் செய்தி எங்கே நுழையும்? பேட்டரியை மழைநீர் புகாமல் கட்டுங்கள், குரங்கு வேறு இருக்கிறது.

நாகலூர்க்காரி:
இரண்டு பேருமே பாதை அறுந்துவிட்டது என்றுதான் அழுகிறீர்கள். எங்கள் எஸ்டேட் பக்கம் பாதை என்று ஒன்று எப்போது இருந்தது? போனுக்குப் போன் செய்தியைக் கையில் வைத்திருந்து, எதிரே வருகிறவரின் போனுக்கு நகல் கொடுக்கும் ஆப் ஒன்று போட்டிருந்தோம். 2000லேயே வாஹ்தத், பெக்கர் என்ற ஆராய்ச்சியாளர்கள் எழுதிய எபிடெமிக் ரவுட்டிங்தான், தொற்றுநோய் போல நகல் பரவும். அம்மாவுக்கு இன்சுலின் தீரப்போகிறது என்று அனுப்பினேன். லாரி கிளீனர் ஒருவரின் போனில் ஏறி குப்பனூர் வழியாகச் சேலம் போய், மறுநாள் மருந்து வந்தது. அதோடு நின்றதா? பழைய நகல் ஒவ்வொரு போனிலும் உயிரோடு சுற்றுகிறது, வேறு வேறு ஆட்கள் இன்சுலினோடு வந்து நிற்கிறார்கள், கரண்ட் இல்லாத வீட்டில் அத்தனையையும் எங்கே குளிரில் வைப்பது? வந்தவர்களிடம் வேண்டாம் என்று சொல்லவும் மனசு வரவில்லை. செய்திக்குக் காலாவதி நேரம் போடாமல் இதை யாரும் தொடாதீர்கள்.

அடிவாரத்தான்:
அக்கா, மறுநாள் வருவது இன்சுலினுக்குச் சரி. தொங்குகிற பாறைக்கு? லோரா தம்பி, ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு கொண்டை ஊசியில் எந்த டிரைவர் டைப் அடிப்பார்? டைப் அடிக்கப் பக்கத்தில் ஓர் ஆளை உட்கார வைக்கலாம் என்றால், ஜீப்பில் இருந்த இடமெல்லாம் ஜெனரேட்டருக்கும் தார்ப்பாய்க்கும் போய்விட்டது.