சிற்றூர்ப் பின்னணியில் ஒரு விளையாட்டுக் காதல் கதை: உங்கள் ஆலோசனை தேவை

அனைவருக்கும் வணக்கம். வாலிபால் வீரன் ஒருவனின் காதலைச் சிற்றூர்ப் பின்னணியில் தொடர்கதையாக எழுதிவருகிறேன். எட்டாவது அத்தியாயத்திலிருந்து கதை நகர மறுப்பதால் உங்கள் உதவியை நாடுகிறேன்.

முழங்காலில் ஏ.சி.எல். ஜவ்வு கிழிந்து, அறுவை சிகிச்சை முடிந்து நாயகன் ஊர் திரும்புகிறான். இத்தகைய காயத்திலிருந்து மீண்டு களமிறங்க வழக்கமாக 9 மாதங்களாவது ஆகும் என்பதால், காதல் வளர்வதற்கான கால அளவு தானாகவே கிடைத்துவிட்டது. நாயகி பெண்கள் அணியின் பயிற்சியாளர். ஆண்கள் ஆடி முடித்ததும், 2.43 மீட்டர் உயரத்திலிருக்கும் வலையை அவள் 2.24 மீட்டருக்கு இறக்கிக் கட்டும்போது, கயிற்றின் மறுமுனையை அவன் பிடித்துக்கொள்கிறான்; முடிச்சு இறுகாமல் நழுவும் அந்தக் கணத்தில்தான் இருவரும் முதன்முதலாகப் பேசுகிறார்கள். இதுவரை எனக்குத் திருப்தியே.

சிக்கல் ஊரில்தான் இருக்கிறது. இருப்பது ஒரே மைதானம் என்பதால், இவர்களின் நெருக்கம் மறுநாளே ஊர் வாயில் விழுந்துவிடும். வம்பு பேசும் ஊரும் வேண்டாம், அன்பே உருவான ஊரும் வேண்டாம் (இரண்டுமே படித்துச் சலித்தவை). அணியின் தோல்வியைத் தன் தோல்வியாகவே எடுத்துக்கொள்ளும் ஓர் ஊர், பயிற்சியாளரின் கவனம் சிதறிவிட்டதாகக் கருதினால் அவளிடம் எப்படி நடந்துகொள்ளும்?

சிற்றூர் அணிகளில் ஆடியவர்களோ பயிற்சி அளித்தவர்களோ இங்கிருந்தால், தோற்ற மறுநாள் தெருவில் நடந்து சென்ற அனுபவத்தைச் சற்று விரிவாகப் பகிருமாறு கேட்டுக்கொள்கிறேன். குணமான பின் நாயகன் நகரத்து அணிக்கே திரும்பிவிட வேண்டுமா என்பதையும் சொல்லுங்கள்.