உதவி: கொம்பு விழுமா, விழாதா? ஒரே சொல்லால் பக்கம் குழம்புகிறது

ஏட்டுச்சுவடி:
வணக்கம். எட்டு வயதுப் பிள்ளைகளுக்கான காட்டு விலங்குப் புத்தகம் ஒன்றை ஆங்கிலத்திலிருந்து தமிழாக்குகிறேன். மூலத்தில் புள்ளிமான் கொம்புக்கு ஒரு சொல், வெளிமான் கொம்புக்கு வேறு சொல். நான் இரண்டையும் கொம்பு என்றே எழுதியதில் பக்கம் இப்படி வந்து நிற்கிறது: "மானின் கொம்பு விழுந்து மறுபடி முளைக்கும். வெளிமானின் கொம்பு விழவே விழாது." வாசித்துப் பார்த்த அக்கா மகள், "ரெண்டும் மான்தானே சித்தி, எது சரி?" என்று கேட்டுவிட்டாள்.

அகராதியில் தேடினேன், இரண்டுக்கும் கொம்புதான். மான்கொம்பு என்று மாற்றினாலும் வெளிமான் அதற்குள்ளேயே வந்துவிடுகிறது. யானை, காண்டாமிருகம் பக்கங்களிலும் இதே கதை.

கோடியக்கரைக்காரன்:
எங்கள் பக்கம் இரண்டுமே மேயும். பெயரில் மான் இருந்தாலும் வெளிமான் ஆடுமாடுகளின் குடும்பம். உள்ளே எலும்பு, மேலே நம் நகம் போன்ற கெரட்டின் உறை. மாட்டுக்கொம்பு மாதிரியே ஆயுள் முழுக்க நிற்கும்.

புள்ளிமான், கடமான் கொம்பு முழுக்க எலும்பு, அதுவும் கிடாவுக்கு மட்டும். வளரும்போது மேலே மெத்தென்ற தோல் மூடி இரத்தம் ஓடும். முற்றியதும் மரத்தில் தேய்த்து அந்தத் தோலை உரித்துவிடும். பிறகொரு நாள் கொம்பே கழன்று விழும், அடுத்தது முளைக்கும். இந்த இரண்டையும் எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு நான் சொல்லித்தரும் அடையாளம்: கிளை பிரிந்திருந்தால் விழும், முறுக்கியிருந்தால் விழாது.

பழைய வாத்தியார்:
தம்பி சொன்ன அடையாளம் தமிழில் ஏற்கெனவே இருக்கிறது அம்மா. வெளிமானுக்கு இரலை, திருகுமான் என்றும் பெயர். இரும்பை முறுக்கியது போன்ற மருப்பு என்று அகநானூற்றின் 4ஆம் பாட்டு இரலையின் கொம்பைச் சொல்கிறது. அந்தக் கொம்பை ஒருமுறை பார்த்தவருக்கு இதைவிடப் பொருத்தமான உவமை தோன்றாது.

புள்ளிமானுக்குக் கவைக்கொம்பு என்று எழுதுங்கள். வேலிக்கு ஊன்றும், நுனி இரண்டாகப் பிரிந்த கவைக்கோலில் இருக்கிற அதே கவை.

கொம்பு என்றாலே மரக்கிளையும்தான். நுனிக்கொம்பர் ஏறினார் என்று குறள் 476 சொல்வது கிளையின் நுனியை. கொடி படர நடுவது கொழுகொம்பு, மரமேறும் பாம்பு கொம்பேறி மூக்கன். கோயிலில் ஊதுவதும் கொம்பு. 'கொ'வில் முன்னால் நிற்பதும் ஒற்றைக்கொம்பு! என் வகுப்பில் பல பிள்ளைகளுக்கு முதலில் தெரிந்த கொம்பு அதுதான்.

மூன்றாம் வகுப்பு டீச்சர்:
ஐயா, கவை அழகான சொல். ஆனால் டவுன் பிள்ளைகள் கவைக்கோலைப் பார்த்ததே இல்லை. கிளைக்கொம்பு என்றால் படத்தைப் பார்த்ததும் புரிந்துகொள்வார்கள்.

யானைக்குத் தந்தம் போதும், அது பல். கொம்பன் யானை என்று பிள்ளைகள் கேள்விப்பட்டிருப்பார்கள், 2023இல் அரிக்கொம்பன் என்ற காட்டு யானை கம்பம் ஊருக்குள் வந்தபோது வீட்டுக்கு வீடு அதே பேச்சு. அதனால் "இது கொம்பு அல்ல, நீண்டு வளர்ந்த பல்" என்று ஒரு வரி கட்டாயம் வேண்டும். காண்டாமிருகத்துக்குக் கொம்பே இருக்கட்டும். உள்ளே எலும்பு கிடையாது, முழுக்கக் கெரட்டின் என்பதை மட்டும் சொல்லிவிடுங்கள்.

ஏட்டுச்சுவடி:
மூவருக்கும் நன்றி. பக்கத்தைத் திருத்திவிட்டேன்:

"புள்ளிமானுக்குக் கிளைக்கொம்பு. அது விழும், மறுபடி முளைக்கும். வெளிமானுக்கு முறுக்குக்கொம்பு. அது விழாது, ஏனென்றால் வெளிமான் ஆட்டுக்கும் மாட்டுக்கும் சொந்தம்."

வாத்தியார் ஐயாவின் கவைக்கொம்பைப் படத்துக்கு அடியில் சேர்த்திருக்கிறேன், பக்கத்திலேயே ஒரு கவைக்கோலும் வரையச் சொல்லியாயிற்று. அக்கா மகளிடம் காட்டினேன். "அப்போ வெளிமான் ஆடா?" என்கிறாள். குடும்பப் படம் ஒன்று கூடுதலாகப் போடவேண்டும்.