கெச்சியாவில் மாட்டிக்கொண்ட 2,80,000 யுவான்: கோர்ட்டுக்குப் போனால் கைக்கு வருமா?

கேள்வி: துணி ஏஜென்ட், ஷாவ்ஷிங், சீனா

வணக்கம். கெச்சியாவ் துணிச் சந்தையில் ஒன்பது வருடமாக ஏஜென்ட் வேலை பார்க்கிறேன். இங்கேயே பதிவு செய்த சின்ன கம்பெனி என் பெயரில் இருக்கிறது. 2022 நவம்பரில் ஒரு சாயப்பட்டறைக் கம்பெனிக்கு 3,20,000 யுவான் முன்பணம் கட்டினேன். சரக்கு வரவில்லை. ஆர்டரை ரத்து செய்தோம். பணத்தை 2023 ஜூன் 30-க்குள் திருப்பித் தருவதாக முதலாளி வீசாட்டில் (இங்கே எல்லாரும் பயன்படுத்தும் போன் செய்தி ஆப்) எழுதினார். நடையாய் நடந்து 2024 மார்ச்சில் 40,000 மட்டும் வாங்கினேன். அன்றைக்குக் கைப்பட ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தார். கையெழுத்தும் தேதியும் இருக்கின்றன, கம்பெனி முத்திரை இல்லை. 2024 அக்டோபரில் 'புத்தாண்டுக்குள் பார்க்கலாம்' என்று ஒரு வாய்ஸ் அனுப்பினார். அதோடு சரி.

அவர் வீட்டு விருந்தில் உட்கார்ந்து சாப்பிட்டவன் நான், அதனால்தான் இவ்வளவு நாள் பொறுத்தேன். ஆனால் இதில் பாதி, என்னை நம்பி ஒருவர் கொடுத்த பணம். மூன்று வருடம் தாண்டினால் வழக்கே போட முடியாது என்கிறார்கள். 30 சதவீதம் கொடுத்தால் வசூலித்துத் தருவதாக ஓர் ஆளும் வந்து போனார். என்ன செய்யலாம்?

பதில்: யீவு பழைய ஆள்

முதலில் அந்த வசூல் ஆளை வாசலோடு அனுப்பிவிடுங்கள். கடன் வசூல் கம்பெனிகளுக்கு இந்த நாட்டில் 2000-ஆம் ஆண்டிலேயே தடை வந்துவிட்டது. அவன் போய் ஏதாவது செய்து வைத்தால், போலீஸ் நிலையத்தில் நிற்கப்போவது நீங்கள்.

மூன்று வருடக் கணக்கு உண்மைதான், சிவில் சட்டத்தில் இருக்கிறது. ஆனால் நீங்கள் பணம் கேட்டாலோ, அவர் தருகிறேன் என்று ஒப்புக்கொண்டாலோ கணக்கு மறுபடி முதலிலிருந்து ஓடும். 2024 அக்டோபர் வாய்ஸ் உங்களுக்குப் பெரிய பலம். அந்த போனை மாற்றாதீர்கள், உரையாடலை அழிக்காதீர்கள். வீசாட் செய்தி சாட்சியாகச் செல்லும், ஆனால் கோர்ட்டில் அசல் போனையே திறந்து காட்டச் சொல்வார்கள். வெறும் ஸ்கிரீன்ஷாட்டை எதிராளி மறுத்தால் கஷ்டம்.

இனி என் கதை. 2020-ல் ஒரு பொம்மை வியாபாரிமேல் வழக்குப் போட்டேன். அவருடைய வங்கிக் கணக்கை கோர்ட் முடக்கியது. தீர்ப்பும் எனக்குச் சாதகம். ஆனால் அப்பீல், சமரசப் பேச்சு என்று நாள் ஓடிவிட்டது. வங்கிக் கணக்கு முடக்கம் ஒரு தடவைக்கு அதிகபட்சம் ஒரு வருடம்தான், முடிவதற்குள் நாமே மனு கொடுத்து நீட்டிக்க வேண்டும். எனக்குத் தெரியாது, வக்கீலும் சொல்லவில்லை. முடக்கம் விலகிய அதே வாரம் கணக்கில் இருந்ததெல்லாம் போய்விட்டது. கையில் சிவப்பு முத்திரைத் தீர்ப்பை வைத்துக்கொண்டு அவருடைய கணக்கின் வங்கிச் சீட்டைப் பார்த்தேன்: இருப்பு 61 யுவான்.

அதனால் சொல்கிறேன், தீர்ப்பு பாதி தூரம்தான். அந்தச் சாயப்பட்டறை முதலாளிக்குத் துப்புக் கிடைப்பதற்கு முன்னால் சொத்தை முடக்குங்கள். வழக்குக்கு முன்பே முடக்கலாம், ஆனால் அடுத்த 30 நாளுக்குள் வழக்குப் போட்டாக வேண்டும். முடக்க மனுவுக்குப் பிணையாக இன்சூரன்ஸ் கம்பெனியின் உத்தரவாதக் கடிதம் வைக்கலாம். 40,000 எந்தக் கணக்கிலிருந்து வந்ததோ, அந்த எண்ணையே சொத்து விவரமாகக் கொடுங்கள்.

அப்புறம் எனக்குப் பணம் எப்படி வந்தது என்றால், தீர்ப்புக்குப் பிறகும் பணம் கட்டாதவர்களைக் கோர்ட் ஏற்றும் ஏய்ப்பவர் பட்டியலால். இங்கே 'லாவோலாய்' என்பார்களே, அது. பட்டியலில் ஏறினால் விமான டிக்கெட் கிடையாது, 'ஜி' எண் அதிவேக ரயிலில் எந்த வகுப்பிலும் ஏற முடியாது. கண்காட்சி சீசனில் குவாங்சோவுக்குப் போக முடியாமல் திண்டாடியவர், இரண்டு தவணையில் கட்டினார். தீர்ப்பை நிறைவேற்றக் கோரி மனுப் போட இரண்டு வருடம்தான் அவகாசம், அதையும் மறந்துவிடாதீர்கள்.

அவர் கைப்பட எழுதிக் கொடுத்த சீட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று எழுத்துக்கு எழுத்து சொல்லுங்கள்.

துணி ஏஜென்ட்

மிக்க நன்றி அண்ணா. 'இன்னும் பாக்கிக் கடன் 2,80,000 யுவான்' என்று எழுதியிருக்கிறார். 'இன்னும்' என்பதற்கு 'ஹாய்' என்ற எழுத்து.

பதில்: குவாங்சோ மொழிபெயர்ப்பாளர்

வக்கீல் அலுவலகத்தில் மொழிபெயர்ப்பு வேலை செய்கிறேன், அந்த எழுத்தைக் கேட்டதும் பகீரென்றது. அதே எழுத்தை 'ஹாய்' என்றும் படிக்கலாம், 'ஹுவான்' என்றும் படிக்கலாம். ஹாய் என்றால் இன்னும் பாக்கி. ஹுவான் என்றால் திருப்பிக் கொடுத்தாயிற்று. அதாவது '2,80,000 கடனைத் திருப்பிக் கொடுத்தேன்' என்று அவர் வாதாட இடம் இருக்கிறது. பயப்படாதீர்கள். பணம் கொடுத்தேன் என்பவர்தான் அதைக் காட்ட வேண்டும், வங்கியிலோ 40,000 மட்டும்தான் வந்திருக்கும். ஆனாலும் இன்றைக்கே, வழக்கு பற்றி மூச்சு விடாமல், 'மீதி 2,80,000 எப்போது தருவீர்கள்?' என்று வழக்கம்போல வீசாட்டில் கேளுங்கள். அவர் தொகையை மறுக்காமல் தவணை கேட்டாலே போதும்.

சீட்டில் கம்பெனி முத்திரை இல்லாததற்கும் வழி இருக்கலாம். தேசிய நிறுவனத் தகவல் தளத்தில் அந்தக் கம்பெனியைத் தேடுங்கள், இலவசம். ஒரே பங்குதாரர் என்று இருந்தால் அவரையும் பிரதிவாதியாகச் சேருங்கள். கம்பெனிப் பணமும் சொந்தப் பணமும் தனித்தனி என்று அவர்தான் நிரூபிக்க வேண்டும், முடியாவிட்டால் கம்பெனிக் கடனுக்கு அவரும் பொறுப்பு.

செலவு: 2,80,000-க்கு கோர்ட் கட்டணம் 5,500 யுவான், சுருக்க விசாரணை என்றால் பாதி. முடக்க மனுவுக்கு 1,920. தீர்ப்பில் சொன்ன கெடு தாண்டினால், சாதாரண வட்டிக்கு மேல் நாளுக்கு பத்தாயிரத்தில் 1.75 பங்கு ஏறும். உங்கள் தொகைக்கு நாளுக்கு 49 யுவான்.

துணி ஏஜென்ட்

நேற்று இரவே கேட்டேன். காலை 7.40-க்குப் பதில்: 'இவ்வளவு பெரிய தொகையை ஒரே தடவையில் முடியாது, மாதம் 10,000 தரட்டுமா?' தளத்திலும் பார்த்துவிட்டேன், ஒரே பங்குதாரர், அவர்தான். திங்கள்கிழமை வக்கீலைப் பார்க்கிறேன். முடக்கம் முடியும் தேதியை வீட்டு நாட்காட்டியில் சிவப்பில் எழுதி வைக்கச் சொல்லி என் மனைவியிடம் சொல்லியாயிற்று.

யீவு பழைய ஆள்

மாதம் 10,000-க்கு 'சரி' என்று மட்டும் பதில் போட்டுவிடாதீர்கள். தவணைக்கு ஒப்புக்கொண்டீர்கள் என்று அதையே எடுத்து நீட்டுவார். 'யோசித்துச் சொல்கிறேன்' என்று எழுதுங்கள், திங்கள் வரை.