எச்.பி.வி பாசிட்டிவ், பாப் ஸ்மியர் நார்மல்: ஒரு வருடம் சும்மா இருக்கலாமா?

திருச்சி நிலா:
எனக்கு 36 வயது, இரண்டு பிள்ளைகள். வெள்ளைப்படுதல் அதிகமாக இருந்ததால் லேடி டாக்டரிடம் போனேன், எதற்கும் பார்த்துவிடலாம் என்று பாப் ஸ்மியரும் (கர்ப்பப்பை வாயின் செல்களை எடுத்துப் பார்ப்பது), கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயை உண்டாக்கக்கூடிய வைரஸான எச்.பி.வி-க்கான டெஸ்டும் சேர்த்தே எடுத்தார். ரிப்போர்ட் வாட்ஸப்பில் வந்தது. பாப் ஸ்மியர் நார்மல். எச்.பி.வி-யில் வகை 16 இல்லை, வகை 18 இல்லை, ஆனால் அதற்குக் கீழே “மற்ற ஹை ரிஸ்க் வகைகள்” என்ற வரியில் மட்டும் “டிடெக்டட்” என்று தடித்த எழுத்தில் இருக்கிறது. டாக்டர், “பயப்படாதீங்க, ஒரு வருஷம் கழிச்சு திரும்ப எடுப்போம்” என்று சொல்லிவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டுவிட்டார். மாத்திரைகூட எழுதவில்லை. ஹை ரிஸ்க் என்று போட்டுவிட்டுச் சும்மா இரு என்றால் ராத்திரி எப்படித் தூக்கம் வரும்?

இன்னொன்று, எழுதவே கூச்சமாக இருக்கிறது. என் வாழ்க்கையில் அவரைத் தவிர யாரும் கிடையாது. இது உடலுறவில் பரவும் என்று படித்ததிலிருந்து அவர் முகத்தைப் பார்த்தாலே மனசு எங்கெங்கோ போகிறது. அவரிடம் சொல்வதா வேண்டாமா? பெரியவளுக்கு 11 வயது, எல்லாருக்கும் ஒரே பாத்ரூம், அவளுக்குப் பரவுமா? அம்மா என்னவென்றால் கர்ப்பப்பையையே எடுத்துவிடு, தொல்லை விட்டது என்கிறார்.

சேலம் சிஸ்டர்:
நிலா, நான் மகப்பேறு பிரிவில் நர்ஸ். முதலில் ஒன்று: இந்த ரிப்போர்ட் கேன்சர் என்று சொல்லவில்லை. வைரஸ் இருக்கிறது, ஆனால் அது செல்களை இன்னும் மாற்றவில்லை என்றுதான் உங்கள் இரண்டு டெஸ்டும் சேர்ந்து சொல்கின்றன. உடலுறவு வாழ்க்கை உள்ளவர்களில் பெரும்பாலானோருக்கு இது எப்போதாவது ஒருமுறை வந்துபோகும், வந்ததே தெரியாது. பத்தில் ஒன்பது பேருக்கு இரண்டு வருடத்துக்குள் உடம்பே அதை அடக்கிவிடும். வைரஸைக் கொல்ல மருந்து இன்னும் இல்லை, அதனால்தான் டாக்டர் எதுவும் எழுதவில்லை. அக்கறை இல்லாமல் அல்ல.

போகாமல் வருடக்கணக்கில் தங்கிவிடுகிற வைரஸ்தான் ஆபத்து. அப்படித் தங்கினாலும் அது புற்றுநோயாக மாற பொதுவாக 15, 20 வருடம் ஆகும், எதிர்ப்பு சக்தி குறைந்தவர்களுக்கு அதைவிடச் சீக்கிரம். எச்.ஐ.வி இருந்தாலோ, உறுப்பு மாற்று மாதிரி காரணங்களுக்காக எதிர்ப்பு சக்தியைக் குறைக்கும் மருந்து எடுத்தாலோ டாக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள். கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயில் சுமார் 70 சதவீதத்துக்கு 16, 18 என்ற இரண்டு வகைகளே காரணம். அவை இருந்தால் பாப் நார்மலாக இருந்தாலும் நேராக கோல்போஸ்கோப்பிக்கு, அதாவது கர்ப்பப்பை வாயை லென்ஸ் வைத்துப் பெரிதாக்கிப் பார்க்கும் பரிசோதனைக்கு, அனுப்புவார்கள். உங்களுக்கு அவை இல்லை, பாப்பும் சரி, அதனால் ஒரு வருடம் என்றது சரியான கணக்குதான். ஆனால் அந்தத் தேதியைத் தவறவே விடாதீர்கள். உறவுக்குப் பிறகோ, இரண்டு பீரியட்ஸுக்கு நடுவிலோ ரத்தம் பட்டால் ஒரு வருடம் எல்லாம் காத்திருக்க வேண்டாம், உடனே போங்கள்.

வெள்ளைப்படுதலுக்கும் எச்.பி.வி-க்கும் பொதுவாகச் சம்பந்தம் இல்லை, அதற்குத் தனியாக மருந்து கேளுங்கள். கர்ப்பப்பையை எடுக்கும் பேச்சையே எடுக்காதீர்கள். நம் ஊரில் எதற்கெடுத்தாலும் இதைச் சொல்லிவிடுகிறார்கள், எனக்கு ஆத்திரமாக வரும். செல் மாற்றமே இல்லாதபோது அது வேண்டாத ஆபரேஷன், எடுத்தாலும் வைரஸ் பிறப்புறுப்பில் இருக்கலாம்.

மல்லிகா 45:
எனக்கு 16 பாசிட்டிவ் வந்தது தங்கச்சி. கோல்போஸ்கோப்பி என்றதும் உள்ளே குழாய் விடுவார்கள் என்று நினைத்து நடுங்கினேன். அப்படி இல்லை. பாப் எடுக்கும்போது வைக்கிற அதே ஸ்பெகுலம்தான், லென்ஸ் வைத்த கருவி வெளியிலேயே நிற்கும். வினிகர் மாதிரி ஒரு திரவத்தைப் பஞ்சில் தொட்டு வைத்தார்கள், லேசாக எரிந்தது. பக்கத்து ஸ்கிரீனில் இளஞ்சிவப்பாக இருந்த இடத்தில் ஒரு ஓரம் மட்டும் மெல்ல வெள்ளையாக மாறியதை நானே பார்த்தேன். அங்கிருந்து அரிசி அளவு கிள்ளி பயாப்ஸிக்கு அனுப்பினார்கள். சிஐஎன் 3 என்று வந்தது, அதாவது புற்றுநோய்க்கு முந்தைய நிலை. லீப் என்று, மரத்துப்போக ஊசி போட்டு, கரண்ட் கம்பியால் அந்தப் பகுதியை மட்டும் எடுத்தார்கள். அன்றே வீட்டுக்கு வந்துவிட்டேன். கொஞ்ச நாள் பழுப்பாகக் கசிந்தது, பேட் வைத்துக்கொண்டேன், தண்ணீர்க் குடம் தூக்கக் கூடாது, உறவு கூடாது என்றார்கள், அவ்வளவுதான். இப்போதும் செக்கப் போய்க்கொண்டிருக்கிறேன். உங்கள் நிலை அதற்கு எவ்வளவோ முன்னால் இருக்கிறது.

கோவை ரவி:
ஆண் எழுதலாமா தெரியவில்லை, என் மனைவிக்கும் இதே ரிசல்ட் வந்ததால் எழுதுகிறேன். இந்த வைரஸ் தூங்கிக் கிடந்து பல வருடம் கழித்தும் டெஸ்டில் தெரியலாம். யாரிடமிருந்து, எப்போது வந்தது என்று எந்த டாக்டராலும் சொல்ல முடியாது. கல்யாணத்துக்கு முன்னால் எப்போதோ அவருக்கு வந்து, அவருக்கே தெரியாமல் இருந்திருக்கலாம். இதை வைத்து இன்று துரோகம் என்று முடிவு கட்டாதீர்கள். நானும் டெஸ்ட் எடுக்கிறேன் என்றேன், ஆண்களுக்கு வழக்கமாக இதற்கென்று டெஸ்ட் கிடையாது என்றார் டாக்டர். மறைக்காமல் சொல்லுங்கள். என் மனைவி ரிப்போர்ட்டைக் கையில் கொடுத்துப் படிக்கச் சொன்னாள், அதுவே எனக்குச் சுலபமாக இருந்தது. சிகரெட் பிடிப்பவர் என்றால் நிறுத்தச் சொல்லுங்கள், புகை இதற்கு நல்லதல்ல. காண்டம் பரவுவதைக் குறைக்கும், முழுக்கத் தடுக்காது.

சேலம் சிஸ்டர்:
மகள் பற்றிச் சொல்ல விட்டுப்போனது. ஒரே பாத்ரூமில் குளிப்பதால் இது பரவும் என்று பயப்பட வேண்டாம், பிள்ளைகளை வழக்கம்போல் கட்டிப்பிடியுங்கள். அவள் வயது தடுப்பூசிக்குச் சரியான வயது. 9 முதல் 14 வரை ஆறு மாத இடைவெளியில் இரண்டு டோஸ் போடுவது வழக்கம், ஒரு டோஸே போதும் என்று உலக சுகாதார நிறுவனம் 2022-இல் சொன்னது. சீரம் இன்ஸ்டிடியூட்டின் செர்வாவேக் என்ற தடுப்பூசி 2023-இல் வந்தது, கார்டசில் என்ற இன்னொன்றும் கிடைக்கிறது. உங்களுக்கு ஏற்கெனவே உள்ள தொற்றை ஊசி குணப்படுத்தாது, அது வேறு விஷயம்.

திருச்சி நிலா:
எல்லாருக்கும் நன்றி. அவரிடம் ரிப்போர்ட்டைக் கொடுத்துவிட்டேன். படித்துவிட்டு, அடுத்த முறை நானும் கூட வருகிறேன் என்றார். அடுத்த டெஸ்ட் பீரியட்ஸ் நேரத்தில் வந்தால் என்ன செய்வது?

சேலம் சிஸ்டர்:
பீரியட்ஸ் முடிந்த பிறகு தேதி வாங்குங்கள். டெஸ்டுக்கு முந்தைய இரண்டு நாள் உறவும், உள்ளே வைக்கும் மாத்திரையும் கிரீமும் வேண்டாம். பழைய ரிப்போர்ட்டைப் பிரிண்ட் எடுத்துக் கையோடு கொண்டுபோங்கள், டாக்டர் மாறினாலும் ஒப்பிட்டுப் பார்ப்பார்.