அமெரிக்கா வென்றதா, பிரான்ஸ் வென்று கொடுத்ததா?

திண்ணைவாசி:
அமெரிக்கச் சுதந்திரப் போரைத்தான் சொல்கிறேன். 1781 அக்டோபர் 19, வர்ஜீனியாவின் யார்க்டவுன். உடம்பு சரியில்லை என்று சொல்லி ஆங்கிலத் தளபதி கார்ன்வாலிஸ் சரணடைய வரவே இல்லை. பதிலுக்கு வந்த துணைத் தளபதி ஓஹாரா, நேராகப் போய் நின்றது பிரெஞ்சுத் தளபதி ரோஷம்போ முன்னால். அவர் வாஷிங்டனைக் கைகாட்ட, வாஷிங்டன் தனக்கு அடுத்த நிலையில் இருந்த பெஞ்சமின் லிங்கனைக் கைகாட்டினார். யாரிடம் தோற்றோம் என்று தோற்றவனுக்குத் தெரியாதா?

புளியமரத்தடி:
அது தெளிவு இல்லை சார், திமிர். கலகக்காரன் முன்னால் தலைகுனிய மனசு வரவில்லை. 1777 அக்டோபரிலேயே சரடோகாவில் ஆங்கிலத் தளபதி பர்கோயின் ஏறக்குறைய 6,000 பேரோடு சரணடைந்தாயிற்று. பிரான்ஸ் அமெரிக்காவோடு கூட்டணி ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டது 1778 பிப்ரவரியில். குதிரை முந்துவதைப் பார்த்துவிட்டுப் பணம் கட்டினவன், பந்தயத்தை நான்தான் ஜெயித்தேன் என்று சொல்லலாமா?

திண்ணைவாசி:
அந்தக் குதிரைக்குக் கொள்ளு போட்டது யார்? போமார்ஷே என்ற நாடகாசிரியர் பேருக்கு ஒரு வியாபாரக் கம்பெனி தொடங்கி, பிரெஞ்சு அரசின் பணத்தில் வெடிமருந்தும் துப்பாக்கியும் அனுப்பினாரே, அது ஒப்பந்தத்துக்கு முந்தின கதை. அப்புறம் யார்க்டவுனுக்குப் பக்கத்து விரிகுடாவில் நடந்த செசபீக் கடற்போர், 1781 செப்டம்பர் 5. பிரெஞ்சுக் கடற்படைத் தளபதி டி கிராஸிடம் 24 போர்க்கப்பல், ஆங்கிலேயரிடம் 19. அமெரிக்கக் கப்பல் ஒன்றுகூடக் கிடையாது. அன்று கடல்வழி அடைபட்டதால்தான் கார்ன்வாலிஸ் சிக்கினார்.

கடலூர்க்காரன்:
குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். இந்தப் போரின் வால் எங்கள் ஊரில்தான் முடிந்தது. ஐரோப்பாவில் 1783 ஜனவரியிலேயே முதற்கட்ட சமாதானம் கையெழுத்தானது. சேதி வந்து சேராததால் ஜூனிலும் கடலூரில் பிரெஞ்சுக்காரரும் ஆங்கிலேயரும் அடித்துக்கொண்டிருந்தார்கள். அமெரிக்காவின் பென்சில்வேனியாக்காரர்கள் ஒரு போர்க்கப்பலுக்கு, இங்கே ஆங்கிலேயரோடு மோதிய மைசூர் ‘ஹைதர் அலி’ என்றே பெயர் வைத்து, 1782இல் தன்னைவிடப் பெரிய ஆங்கிலக் கப்பலைப் பிடித்தார்கள். லண்டனுக்கு ஒரே நேரத்தில் எத்தனை பக்கம் தீப்பிடித்தது, பாருங்கள்.

புளியமரத்தடி:
அருமை. ஆனால் கார்ன்வாலிஸ் ஏன் யார்க்டவுன் போனார்? தெற்கே அமெரிக்கத் தளபதி நத்தானியேல் கிரீன் அவரை ஓட ஓட அலைக்கழித்தார். கில்ஃபோர்டில் களம் ஆங்கிலேயருக்குத்தான் கிடைத்தது, ஆனால் படையில் கால்வாசி காலி. இப்படி ஜெயித்தே தேய்ந்துபோன படையைத்தான் பிரெஞ்சுக் கப்பல்கள் மடக்கின.

வேப்பம்பூ:
இரண்டு பேரும் ‘அமெரிக்கர்கள்’ என்கிறீர்களே, யார் அவர்கள்? 1780இல் கிங்ஸ் மவுண்டன் சண்டையில் ராஜா பக்கம், கலகக்காரர் பக்கம் இரண்டிலும் குடியேறிகள்தான், ஆங்கிலப் படை அதிகாரி ஃபெர்குசன் ஒருவரைத் தவிர. 1775இலேயே வர்ஜீனியா ஆளுநர் டன்மோர், கலகக்காரர்களின் அடிமைகள் ராஜா பக்கம் வந்து சண்டையிட்டால் விடுதலை என்று அறிவித்தார். ஓடிவந்தவர்களில் ஏறக்குறைய 3,000 பேர் 1783இல் நியூயார்க்கிலிருந்து கப்பலேறினார்கள். அவர்களுக்குச் சுதந்திரம் எந்தக் கொடியில் இருந்தது?

புளியமரத்தடி:
வேப்பம்பூ சொல்வதை மறுக்க முடியவில்லை. திண்ணைவாசிக்கு மட்டும் ஒன்று: வாஷிங்டன் ஏன் லிங்கனைக் காட்டினார்? 1780இல் சார்ல்ஸ்டனில் லிங்கன் சரணடைந்தபோது, கொடியை விரித்துக்கொண்டு வர ஆங்கிலேயர் விடவில்லை. யார்க்டவுனில் அதே நிபந்தனை ஆங்கிலேயருக்குத் திரும்பியது. அது அமெரிக்கர்கள் கணக்கு, அவர்களே தீர்த்தது.

திண்ணைவாசி:
சரி, தீர்த்தார்கள். யார்க்டவுன் போகும் வழியில் வாஷிங்டன் பட்டாளத்துக்குச் சம்பளம் கொடுக்க 20,000 டாலர் வெள்ளிக்காசு கைமாற்றாக வந்ததே, அது ரோஷம்போ பெட்டியிலிருந்துதான் வந்தது.